மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்

கடிகாரக்காரருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அதிகாலை ஐந்து மணி. ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் பழுது பார்த்து ஓடவிடுகிற மனிதர், அந்த ஐந்தை மட்டும் எண் தட்டிலிருந்து சுரண்டி எடுத்துவிட முடியாதா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறார். எல்லாம் மனைவியால் வந்த வினை.

மனைவிக்குத் தபால் பட்டுவாடா வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்த கால்கள். இவரோ ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, ஒரே முக்காலியில் கால் நூற்றாண்டு உட்கார்ந்தவர். போன வருடம் டாக்டர், "சர்க்கரை எட்டிப் பார்க்குது, கொஞ்சம் நடங்க" என்று சொல்லப் போக, வீட்டில் அது சட்டமாகிவிட்டது. தினமும் ஐந்து மணிக்குப் போர்வை உருவப்படும்.

"எந்திரிங்க."

"இன்னும் அஞ்சாகல."

"கடிகாரத்தைப் பாருங்க."

"அது அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுது."

"அப்படியா? கடிகாரக்காரர் வீட்டுக் கடிகாரமே தப்பா ஓடுதுன்னு தெருவுல சொல்லிடட்டுமா?"

தொழில் மானத்துக்காக எழுந்துவிடுவார். எழுந்து, கண்ணை மூடிக்கொண்டே மனைவிக்குப் பின்னால் நடப்பார். இரண்டு முறை விளக்குக் கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் மனைவி தபால் பையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கடலோரத் திருப்பயணம். ஐந்து நாள், தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர், முனையில் இருக்கும் பழைய ஆலயம் வரை. வழிநெடுக விடுதிகள். காலையில் கிளம்பும்போதும், அடுத்த விடுதியில் சேரும்போதும் பயண அட்டையில் நேரம் போட்டு முத்திரை குத்துவார்கள்.

"தொண்ணூத்தெட்டா? என்னை உயிரோட திருப்பிக் கூட்டிட்டு வர்றதா உத்தேசமா, இல்ல அங்கேயே வச்சிட்டு வர்றதா?"

"கேளுங்க. இந்த அஞ்சு நாளையும் நீங்க முடிச்சிட்டீங்கன்னா, அப்புறம் ஆயுசுக்கும் காலைல உங்களை எழுப்ப மாட்டேன். சத்தியம்."

"முடிக்கலைன்னா?"

"நாலு மணிக்கு எழுப்புவேன்."

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பிரசுரத்தை வரி வரியாக ஆராய்ந்தார். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'அவரவர் வேகத்தில் நடக்கலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.' பின்பக்கம் வரைபடம். கடலை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு, அது நடைபாதை. அதற்குப் பக்கத்திலேயே மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. அது பஸ் ரோடு.

கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் அவருக்கு ஆயுசு முழுவதற்குமான தூக்கம் கண்ணில் தெரிந்தது. "சரி, வர்றேன். ஆனா என் வேகத்துல நான் போவேன், உன் வேகத்துல நீ வரணும்" என்றார், ரொம்பப் பக்தியாக.

முதல் நாள் சரியாக ஐந்து மணிக்கு அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். எழுப்பப்படாமல் இருப்பதற்காக ஐந்து நாள் நாலரைக்கே எழுந்தாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. மனைவி பின்தங்கிவிட்டார். மூட்டுவலிக்கார அக்கா ஒருத்தர் தனியாக வந்திருந்தார். அவரோடு பேச்சுக் கொடுத்தபடி மெதுவாக வந்துகொண்டிருந்தார் மனைவி. கடிகாரக்காரர் வளைவில் திரும்பினார், திரும்பிப் பார்த்தார், சட்டென்று ஒரு சந்துக்குள் புகுந்து பஸ் ரோட்டுக்கு ஏறிவிட்டார். ஐந்தே முக்காலுக்குப் பச்சை பஸ் வந்தது.

ஆறரைக்கெல்லாம் அடுத்த ஊரில் இறங்கியாகிவிட்டது. இறங்கின பிறகுதான் முத்திரை ஞாபகத்துக்கு வந்தது. இருபத்தொரு கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் நடந்தேன் என்று சொன்னால் எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்? உடனே போய் முத்திரை குத்தக் கூடாது. எப்போது குத்தலாம்?

இங்கேதான் அவருக்குள் இருந்த தொழிலாளி விழித்துக்கொண்டார். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால் உட்கார்ந்து மணலில் கணக்குப் போட்டார். ஐம்பத்து மூன்று வயது, லேசான தொப்பை, பழக்கமில்லாத கால்கள். மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் என்பது நியாயமான வேகம். இருபத்தொன்றுக்கு ஆறு மணி நேரம். அப்படியானால் பதினொரு மணி.

நாலரை மணி நேரம் படகுக்குப் பின்னால் குந்தியிருந்தார். யாராவது இருமினாலே திடுக்கிட்டார். செருப்பில் மணலைப் பூசிக்கொண்டார். சட்டை கசங்காமல் இருந்ததால் கழற்றிக் கசக்கி மறுபடி போட்டுக்கொண்டார். பதினொரு மணி அடிக்கும்போது தள்ளாடிக்கொண்டே விடுதிக்குள் நுழைந்து, "தண்ணி" என்றார். பொறுப்பாளர் பதறிப்போய் நாற்காலி போட்டார். முத்திரை விழுந்தது. பதினொரு மணி, பூஜ்யம் நிமிடம்.

மனைவி வந்து சேர ஒரு மணியாகிவிட்டது. வந்ததும் முதலில் இவர் அட்டையைத்தான் வாங்கிப் பார்த்தார். கடித உறையில் இருக்கிற முத்திரையைப் பார்த்தே அது எங்கே சுற்றி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிற கண் அது. கடிகாரக்காரர் மணல் பூசின செருப்பை மெல்ல முன்னால் நகர்த்தி வைத்தார்.

"பரவாயில்லையே! எனக்கு முன்னாடி வந்துட்டீங்களே!"

"நடந்தேன்... அப்படியே நடந்து... வந்துட்டேன்."

"கால் வலிக்கலையா?"

"எந்தக் கால்?"

மனைவி எண்ணெய்க் குப்பியை எடுத்து அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு கொப்புளம்கூட இல்லையே" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே தேய்த்துவிட்டார். மனைவியின் குதிகாலிலோ இரண்டு கொப்புளம். கடிகாரக்காரருக்கு நெஞ்சு உறுத்தியது. ஆனால் ஆயுசு முழுவதும் தூக்கம் என்பது லேசான விஷயமா? உறுத்தலை விழுங்கிவிட்டார்.

இரண்டாம் நாள் பதினேழரை கிலோமீட்டர். ஐந்து மணி நேரம். சரியாகப் பத்து மணிக்கு ஒரு பழைய ஐஸ் கிடங்கின் பின்பக்கத்திலிருந்து வெளிப்பட்டார். சாயங்காலம் பார்த்தால் மனைவி விடுதியில் இருந்த அத்தனை பேரிடமும் அவரைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல இவரு தண்ணி எடுக்கக்கூட எந்திரிக்க மாட்டாரு. இங்க வந்து பாருங்க, குதிரை மாதிரி ஓடுறாரு! எல்லாம் இந்த வழியோட மகிமைதான்."

எல்லாரும் அவர் கால்களையே பார்த்தார்கள். கடிகாரக்காரர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு அசடு வழிந்தார்.

மூன்றாம் நாள்தான் உயிர் போய் உயிர் வந்தது. பஸ் ரோடு ஓரிடத்தில் நடைபாதையை உரசிக்கொண்டு போகும் என்பதை வரைபடத்தில் அவர் கவனிக்கவில்லை. ஜன்னல் ஓரமாகச் சுகமாகச் சாய்ந்திருந்தவர் திரும்பினால், பத்தடி தூரத்தில் மனைவி! தடாலென்று சீட்டுக்கு அடியில் போய்விட்டார்.

கண்டக்டர் குனிந்தார். "என்ன சார் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"கிடைச்சுதா?"

"வெளியில ஒரு அம்மா நிக்குறாங்களா, பாருங்க."

"ஆமா. கை காட்டுறாங்க."

"யாருக்கு?"

"பஸ்ஸுக்குத்தான், வேற யாருக்கு? ஆனா ஏற மாட்டாங்க போல. சும்மா சிரிச்சிக்கிட்டே காட்டுறாங்க."

பஸ்ஸைக் கண்டால் கை காட்டுவது தபால்காரர்களுக்கு ஒரு பழக்கமாக இருக்கலாம் என்று கடிகாரக்காரர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் ஆகவில்லை. சீட்டுக்கு அடியிலேயே இறங்குமிடம் வரைக்கும் வந்தார்.

அன்று மழை வேறு பிடித்துக்கொண்டது. இவர் ஒரு பலசரக்குக் கடையின் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே சொட்டு படாமல் இருந்தார். பதினொன்றே முக்காலுக்குத்தான் திடீரென்று உறைத்தது. நடந்து வந்தவன் காய்ந்துபோய் வந்து நிற்க முடியுமா? விடுதிக்குப் பின்னால் இருந்த குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தார். சட்டைப் பைக்குள்கூடத் தண்ணீர் விட்டுக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு, இருபத்து நாலரை கிலோமீட்டரை முடித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே முத்திரை வாங்கினார். மற்ற எல்லாரும் வழியில் ஒதுங்கி நின்று மூன்று மணிக்குமேல் வந்து சேர்ந்தார்கள்.

"ஐயோ, இப்படி நனைஞ்சிட்டீங்களே!" என்று மனைவி தன் துண்டால் அவர் தலையைத் துவட்டினார். மனைவியின் தலையிலிருந்தே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் இவர் தலைதான் அவர் கண்ணில் பட்டது. கடிகாரக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்தா... ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"வந்து... நான்..."

"ம்?"

"பசிக்குது."

நாலாம் நாள் திருந்திவிடுவது என்று முடிவு செய்தார். பதினாலு கிலோமீட்டர்தான். அவளுக்காக இதை மட்டுமாவது நிஜமாகவே நடந்துவிட வேண்டும். நடந்தார். இரண்டு கிலோமீட்டர் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவதில் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான், சாட்சியாக இருக்கும் என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் பச்சை பஸ் ஹாரன் அடித்தது. மனசு வேண்டாம் என்றது. கை தானாகத் தூக்கிக்கொண்டது. ஒன்பது மணி பூஜ்யம் நிமிடத்துக்கு நாலாவது விடுதி முத்திரை விழுந்தது.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு முனையில் இருந்த ஆலயத்தை அடைந்தார். எல்லாம் முடிந்தது. அப்படியே கல்படியில் உட்கார்ந்து, நாளை மறுநாள் காலை ஐந்து மணியை மனக்கண்ணில் பார்த்தார். போர்வை. தலையணை. உருவுவதற்கு ஆளில்லை. ஐந்து நாளில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

மத்தியானம் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, இரண்டு பேருடைய அட்டைகளையும் மனைவியே பொறுப்பாகக் கொண்டுபோய்க் கடைசி விடுதியின் பெரியவரிடம் கொடுத்தார். பெரியவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடிகாரக்காரரின் அட்டையைப் பார்த்தார். ஒரு காகிதத்தில் எதையோ வகுத்தார். மறுபடி வகுத்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"கடிகாரம் பழுது பாக்குறேன்" என்றார் இவர். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது.

"அதான பார்த்தேன்! முதல் நாள் மணிக்கு மூணரை கிலோமீட்டர். ரெண்டாம் நாள் மூணரை. மழை கொட்டின அன்னிக்கும் மூணரை. மேட்டுலயும் மூணரை, மணல்லயும் மூணரை. ஒரு நிமிஷம் கூடல, ஒரு நிமிஷம் குறையல! பதினாறு வருஷமா அட்டை பாக்குறேன். இப்படி ஒரு சீரான நடையைப் பார்த்ததே இல்ல!"

கூட்டம் கைதட்டியது. கடிகாரக்காரர் திருதிருவென்று விழித்தார். மனுஷ நடை ஏறும், இறங்கும், நின்று தண்ணீர் குடிக்கும் என்பது அந்தக் கணத்தில்தான் அவர் புத்திக்கு எட்டியது. கடிகாரத்தைத் திருத்துகிற மாதிரி பொய்யையும் துல்லியமாகத் திருத்தி வைத்துவிட்டார்.

பெரியவர் உள்ளே போய் ஆளுயரக் கோல் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "இங்க ஒரு வழக்கம் உண்டு, ஐயா. வயசானவங்க பதினோரு பேரு இங்கேயிருந்து திரும்பி நடக்கக் காத்திருக்காங்க. வேகமா போறவங்க பின்னாடி அவங்களால போக முடியாது. யாரு நடை சீரா இருக்கோ, அவங்கதான் இந்தக் கோலைப் பிடிச்சு முன்னாடி நடந்து, கிளம்பின இடத்துல கொண்டுபோய்ச் சேக்கணும். இந்தத் தடவை நீங்கதான்!"

"திரும்பியா? நடந்தா? தொண்ணூத்தெட்டா?"

"அஞ்சே நாளு."

"இல்லைங்க, நான்... உண்மையைச் சொல்லணும்னா... நான் வந்து..." மனைவியைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் காலை நாலு மணி. ஆயுசுக்கும்.

"கூச்சப்படுறாரு. புகழ்ந்தா அவருக்குப் பிடிக்காது" என்று மனைவி பெரியவரிடம் எடுத்துச் சொன்னார். "கண்டிப்பா நடப்பாரு. நான் பொறுப்பு."

பதினோரு பெரியவர்களும் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கண் கலங்கினார். மூட்டுவலிக்கார அக்கா பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

கடிகாரக்காரர் மனைவியைச் சுவரோரமாக இழுத்தார். "நீயும் வருவியா?"

"எனக்கு எப்படி முடியும்? திங்கக்கிழமையோட லீவு முடியுதே. தபாலெல்லாம் தேங்கிக் கிடக்கும்."

"நீ சத்தியம் பண்ணியிருக்க. காலைல எழுப்ப மாட்டேன்னு."

"சொன்ன சொல் மாற மாட்டேன்ங்க. நான் எழுப்பவே மாட்டேன். இவங்களுக்கெல்லாம் மூணரைக்கே முழிப்பு வந்துடுமாம். அவங்க எழுப்பிக்குவாங்க."

அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். எண்ணெய்க் குப்பியை அவர் பையில் வைத்தார். கோலை நேராகப் பிடிக்கச் சொன்னார். பிறகு தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல நின்றார்.

"ஏங்க, இந்தப் பச்சை பஸ் நேரா வீடு வரைக்கும் போகுமா, இல்ல நடுவுல இறங்கி வேற மாறணுமா?"

"மாற வேண்டாம், நேரா போகும்" என்றார் கடிகாரக்காரர். "வலது பக்கம் மட்டும் உக்காராத, வெயில் அடிக்கும்."