நாற்பத்தெட்டு கிலோ போர்ட்டபிள்

மனித குலம் கண்டெடுத்த சொற்களில் தலையாயது 'போர்ட்டபிள்' என்பது என் பணிவான கருத்து. என் வீட்டில் போர்ட்டபிள் கட்டில், போர்ட்டபிள் தையல் மிஷின், போர்ட்டபிள் அடுப்பு எல்லாம் இருக்கின்றன. எதுவுமே கனமில்லை. இருபது வருடமாக என் மனைவி தூக்குகிறாள். எனக்கு ஒருநாளும் தோள் வலித்ததில்லை.

ஆகவே எங்கள் அலுவலக இயக்குநருக்குப் புழுங்குகிறது என்று தெரிந்ததும், கொள்முதல் குழுத் தலைவர் என்ற முறையில் போர்ட்டபிள் ஏசி ஒன்றைப் பரிந்துரைத்தேன். இயக்குநர் காலையில் தரைத்தளத்தில் கையெழுத்திடுவார். மாலையில் மூன்றாம் மாடியில் கூட்டம் நடத்துவார். குளிர் அவர் பின்னாலேயே போகவேண்டாமா?

பெட்டி வந்தது. நாற்பத்தெட்டு கிலோ. அடியில் நான்கு சக்கரங்கள். தரையில் வழுக்கிக்கொண்டு ஓடின. சக்கரம் படியேறாது என்பதும், லிஃப்ட் மூன்று வருடமாகப் 'பராமரிப்பில்' இருக்கிறது என்பதும் குழுவின் வரம்புக்குள் வராத விஷயங்கள்.

தூக்கும் பொறுப்பு அட்டெண்டரிடம் வந்தது. ஐம்பத்தைந்து வயது, ஒடிசலான ஆள். இரண்டு வாரம் ஏற்றி இறக்கினார். பிறகு என் மேசையருகே வந்து, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்.

விஷயத்தின் கனத்தை உணர்ந்து குழுவைக் கூட்டினேன். ஏழு பேர், இரண்டு மணி நேரம். அகராதி வரவழைக்கப்பட்டது. தடிமனாக இருந்ததால் அதையும் அட்டெண்டரே சுமந்து வந்தார். 'எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது' என்று போட்டிருந்தது. யாருக்கு எளிது என்று போடவில்லை. சிக்கலைத் தீர்த்தவர் குழுவிலிருந்த தணிக்கைப் பிரிவுக்காரர்தான்.

"ரெண்டாவது ஆள் கை வச்சா அது போர்ட்டபிளே இல்லன்னு ஆயிடும் சார். போர்ட்டபிள்னு எழுதித்தான் வாங்கியிருக்கோம். நாளைக்கு ஆடிட்ல கேட்டா என்ன சொல்றது?"

ஒருவர்தான் தூக்கவேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆனால் எங்களுக்கும் நெஞ்சில் ஈரம் உண்டு. அன்று மாலை குழு முழுவதும் உடனிருந்து பார்வையிடுவது என்றும் தீர்மானித்தோம். அவர் தவறி விழுந்தால் யார் மேலும் விழக்கூடாதே என்று நாங்கள் முன்னால் ஏறினோம். முதல் மாடி வரை "மெதுவா, மெதுவா" என்று தணிக்கைக்காரர் ஊக்கமளித்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அட்டெண்டர் நின்றார்.

"சார், ஒரு கை பிடிங்க சார்."

தீர்மானத்தை அவருக்கு இன்னொரு முறை வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். ஏசியைக் கீழே போடவில்லை, மடியில் தாங்கிக்கொண்டார். அந்தக் கடமையுணர்ச்சியைக் குறிப்பேட்டில் பாராட்டியிருக்கிறோம். இயந்திரத்துக்குச் சேதமில்லை.

மறுநாள் குழுவின் சார்பில் மருத்துவமனைக்குப் போனேன். முதுகெலும்பில் ஜவ்வு விலகிவிட்டதாம். இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டெண்டர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டிலருகே இருந்த அவர் மனைவி, தனியாகவா தூக்கினார் என்று கேட்டார்.

"இல்லம்மா. நாங்க ஏழு பேரும் கூடவேதான் இருந்தோம்" என்று தேற்றினேன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு பேருன்னா பதினாலு கை. அதெல்லாம் என்னங்க பண்ணிட்டிருந்துச்சு?"

அவருக்கு அலுவலக நடைமுறை தெரியாது. நாங்களும் தூக்கத்தான் செய்தோம். தீர்மானத்துக்கு ஆதரவாக, ஆளுக்கு ஒரு கை.