பூட்டுக்கடைக்காரர் பூட்டிய குறட்டை

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உடனே தரமாட்டேன். அப்பாவுக்கே அது கடைசியில்தான் எட்டியது. உங்களுக்கு என்ன அவசரம்?

அப்பா பூட்டுக்கடை வைத்திருக்கிறார். தான் குறட்டையே விடுவதில்லை என்று அடித்துச் சொல்வார். அம்மா அவர் குறட்டையை வீடியோ எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் காட்டப்போவதாக அறிவிப்பு வேறு. காட்டினால் மச்சானிடம் மானம் போகும். அழித்தால் அம்மாவிடம் உயிரே போகும்.

சனிக்கிழமை காலை அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஊரெல்லாம் டேட்டா திருட்டு. நம்ம போட்டோ, வீடியோ எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணி ஆன்லைன்ல ஏத்திட்டேன். இங்க இருந்ததை எடுத்துட்டேன். திருடன் கையில சிக்கினாலும் வெறும் கிறுக்கல்தான். பாஸ்வேர்ட் என் மண்டைக்குள்ள."

"அங்கதான் எடம் நெறைய இருக்கு," என்றாள் அம்மா. "சரி, அந்த வீடியோ?"

"அதுவும் பத்திரம். யாராலயும் பாக்கவே முடியாது." முகத்தில் அப்படி ஒரு சோகம்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏங்க, கடையில பூட்டு விக்கும்போது ஒரு தடவை திறந்து காட்டாம குடுப்பீங்களா?"

"சேச்சே! தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப இதையும் திறந்து காட்டுங்க. திறக்கலைன்னா நம்ம கல்யாண போட்டோ கதி?"

தொழில் மானம். உட்கார்ந்தார். ஒரு கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டார். மறுகையின் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். அவருக்கு அப்படித்தான் டைப் வரும்.

"சின்ன கே... பெரிய எம்... நட்சத்திரம்... ஏழு... எங்க போச்சு இந்த கியூ..."

கல்யாண போட்டோ வந்தது. பெருமையாகக் காட்டினார். மறுபடி மூடினார். பாடிக்கொண்டே குளிக்கப் போனார்.

நான் அப்பா குரலிலேயே மொத்தத்தையும் அம்மாவுக்கு ஒப்பித்தேன், நடுவில் வந்த இருமல் உட்பட.

"இருமலை அடிக்க வேணாம்ல?" என்றாள் அம்மா, தட்டிக்கொண்டே.

சிரிப்பா? வருகிறது. மனுஷன் தலை துவட்டட்டும்.

அப்பா வெளியே வந்தபோது கூடம் அதிர்ந்தது. நீளமாக ஒரு விசில், முடிவில் ஒரு உறுமல்.

"டேய், மிமிக்ரிய நிறுத்து!"

நான் வாயில் பிரஷ்ஷோடு அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அம்மாவைப் பார்த்தார். அவள் வாயும் மூடியிருந்தது. கம்ப்யூட்டரில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே நிறுத்திவைத்த போனில் மாமா, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் பார்வை மெல்லக் கீபோர்டுக்குப் போனது.

"ஏன்டி... நான் சத்தமாவா டைப் பண்ணேன்?"