ரிஜெக்ட் அண்ணனுக்கு மெட்டு வந்த மத்தியானம்

ஓசூரில் ஓடுகிற வண்டிகளில் பாதி ஒழுங்காக ஓடுவதற்கும், எங்கள் காம்பவுண்டில் ஒரு பாட்டுகூட இரண்டாவது வரியைத் தாண்டாமல் போனதற்கும் காரணம் ஒரே ஆள்தான். ரிஜெக்ட் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சொந்த ஊரான கல்லாவியில் எங்கோ பத்திரமாக இருக்கும். இங்கே யாரும் அதைக் கேட்டதில்லை.

வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் கடைசிச் சோதனை மேசை அவருடையது. சரியான பொருளுக்குப் பச்சைச் சீட்டு. திருத்திக் கொண்டு வா என்றால் மஞ்சள் சீட்டு. தூக்கிப் போடு என்றால் சிவப்பு. நூலோடு கட்டித் தொங்கவிட வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் மற்றவர்கள் வேலையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் சட்டைப் பையில் சீட்டுக் கட்டோடு வீட்டுக்கு வருவார். வீட்டுக்கார ரத்னம்மாவின் சாம்பார் குண்டானில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கும்: ‘உப்பு, அளவு மீறல்.’ வாசல் கேட்டில் இன்னொன்று: ‘கீச்சு.’ என் கவிதையின் மூலையில்: ‘நிலா அதிகம்.’ ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போனபோது, நான்தான் பாய்ந்து பிடித்தேன்.

இத்தனைக்கும் அண்ணன் நல்ல மெட்டுக்காரர். மாடி அறையில் ஒரு கீபோர்டு வைத்திருந்தார். ‘பொட்டி’ என்பார். வந்த புதிதில் அதிலிருந்து சாயங்காலங்களில் மெட்டு வழியும். குழாயடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் பெண்கள் அண்ணாந்து நிற்பார்கள். பிறகு கம்பெனியில் அவரைச் சோதனை மேசைக்கு உயர்த்தினார்கள். மெட்டுக்குச் சனி பிடித்தது. நாலு சுரம் வாசிப்பார். நிறுத்துவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். “கரடு” என்பார். பொட்டியில் ஒரு சிவப்புச் சீட்டு ஏறும். கடைசியில் அந்தப் பொட்டி, வேண்டுதல் எதுவும் பலிக்காத கோயில் மரம் மாதிரி சீட்டும் நூலுமாகத் தொங்கியது. அப்புறம் அந்த நாலு சுரமும் நின்றுபோனது.

ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தோம். எதிர் போர்ஷன் மஞ்சண்ணா கம்பெனி பஸ் டிரைவர். வீட்டில் கன்னடம், வெளியில் எங்கள் தமிழ்.

“டென்ஷன் பேடா, வேணாம் அண்ணா. நம்ம பஸ்ல முன்சீட்ல குந்து. அத்திப்பள்ளி டிராபிக்ல மாட்டினா ஊமைகூட பாடிடுவான்.”

அண்ணன் போய்விட்டு வந்தார். “என்னா வந்துது?” என்று கேட்டேன்.

“ஹாரன் வந்துது. அதுவும் சுருதி சேரல.” மஞ்சண்ணாவின் ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

என் வைத்தியம் ரோஜா. ஊருக்கு வெளியே கூடாரத்துக்குள் வளர்க்கிற ரோஜாத் தோட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பனி, சிவப்பு, வரிசை வரிசையாக மௌனம். மனம் உருகாதா? கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அண்ணன் காம்பின் நீளம் பார்த்து ரோஜாக்களை மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் என்னைத் தனியாக இழுத்து, “இவுரு வேலைக்கு வருவாராங்க?” என்று கேட்டார்.

மலைக்கோயிலுக்கும் பொட்டியைச் சுமந்து ஏறினோம். தேங்காய் மூடி தேடி வந்த ஒரு குரங்கு பொட்டியின் மேல் உட்கார்ந்து, கைக்கு அகப்பட்ட கட்டைகளை எல்லாம் அழுத்திவிட்டு எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

“பாத்தியா கவிஞரே. கொரங்கு வாசிச்சிட்டு பல்ல காட்டுது. நான் வாசிக்கறதுக்கு முன்னாடியே மூஞ்ச மூடிக்கறேன்.”

படியிறங்கும்போது முடிவைச் சொன்னார். தொரப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லித்தரும் டீச்சர் ஒருத்தி பழைய கீபோர்டு தேடிக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜைக்குள் ஒரு மெட்டு முழுசாகப் பிறக்காவிட்டால், மறுநாள் விஜயதசமிக் காலையில் பொட்டி அவளுக்கு. சொல்லியும் அனுப்பிவிட்டார். “வாசிக்காத பொட்டிய வச்சிக்கினு என்னா பண்றது, துணி மடிச்சு வைக்கறதா?” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பொட்டியை மட்டும் வீடு வரைக்கும் தோள் மாற்றாமல் தானே சுமந்து வந்தார்.

ஆயுத பூஜை வந்தது. மெட்டு வரவில்லை.

எங்கள் காம்பவுண்டில் பூஜை ரத்னம்மாவின் ராஜ்ஜியம். அவருக்குத் தெலுங்கு தாய்மொழி. திட்டுவதற்கு மட்டும் மூன்று மொழியும் வேண்டும். கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் அவருடைய அரிவாள்மணை, மஞ்சண்ணாவின் பஸ் சாவி, என் பேனா, நடுவில் குளித்து முழுகி சந்தனம் குங்குமத்தோடு பொட்டி. சீட்டுகளை அறுத்துவிட்டிருந்தார்கள். பொட்டி மொட்டையடித்த பிள்ளை போல இருந்தது. அந்த வருஷம் புதுச் சட்டம் வேறு.

“போனையும் வைங்க, அந்தரும், எல்லாரும். நாளெல்லாம் கையில வச்சிருக்கற ஆயுதம் அதுதானே?”

வைத்தோம். மறுநாள் காலையில் மறுபூஜை முடிகிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஒரு துப்பட்டாவைப் போட்டு எல்லாவற்றையும் மூடினார் ரத்னம்மா. கைவேலை இல்லாமல் பொரியைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் வாசலில் ஒரு சோம்பேறிப் பூனையைப் போலப் படுத்திருந்தது.

அண்ணன் பொரி மென்ற வாய் பாதியில் நின்றது. கண் எங்கோ போனது. ஒரு முனகல். அது நீண்டது. வளைந்தது. ஏறியது.

“வந்துடுச்சு!” என்று எழுந்து குதித்தார். “வந்துடுச்சு! வந்துடுச்சு!”

“அய்யோ, தண்ணியா?” என்று ரத்னம்மா இரண்டு குடத்தோடு குழாயடிக்கு ஓடினார். எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது.

“தண்ணி இல்லக்கா, மெட்டு! முழுசா வந்துடுச்சு!” என்று அண்ணன் துப்பட்டாவின் மேல் பாய்ந்தார். ரத்னம்மா திரும்பி வந்த வேகத்தில் குடம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

“கை வச்சே, செத்தே! சரஸ்வதி தூங்கறா!”

“அக்கா, ஒரே ஒரு கட்ட.”

“அரைக் கட்டகூடக் கூடாது நாயனா!”

“போன் மட்டும்? பதிவு பண்ணிட்டு வச்சிடறேன்.”

“அதுவும் தூங்குது.”

மூஞ்சி மூடிய பொட்டியின் முன்னால் அண்ணன் பால் சட்டியைச் சுற்றும் பூனையாகச் சுற்றினார். விடிவதற்குள் மெட்டு மறந்துபோனால்? காலையில் டீச்சர் வந்துவிடுவாளே! திடீரென்று நின்றார். சோதனை மேசை மூளை வேலை செய்தது.

“மெட்டு நாலு துண்டு. ஆளுக்கு ஒண்ணு தரேன். காலையில அப்படியே திருப்பிக் குடுக்கணும். ஒரு கீறல் விழக் கூடாது.”

முதல் துண்டு மஞ்சண்ணாவுக்கு. இரண்டாவது ரத்னம்மாவுக்கு. “எனக்குப் பாட்டு ராதே, வராதே!” என்று அவர் அலற அலற, காதில் பாடிப் பாடி ஏற்றினார். மூன்றாவது எனக்கு. நாலாவதைத் தானே வைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? பொழுது சாயும் வரை வீடு வீடாகச் சோதனை. “மஞ்சண்ணா, பாடு. இழுக்காத! இழுக்காத!” “அக்கா, அங்க வளையணும், ஒடியக் கூடாது.” நான் குளியலறையில் இருந்தபோதுகூடக் கதவைத் தட்டி, “கவிஞரே, பத்திரமா இருக்குதா?” என்று கேட்டார். மெட்டு இருந்தது. வேறெதுவும் பத்திரமாக இல்லை.

காலையில் டீச்சர் ஸ்கூட்டரில் வந்தாள். பின்சீட்டில் பொட்டியைக் கட்டக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. “கொஞ்சம் குந்தும்மா” என்று ரத்னம்மா பொரியைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார். மறுபூஜை முடிந்து துப்பட்டா விலகியது.

“குடு மஞ்சண்ணா.”

மஞ்சண்ணா கொடுத்தார். நேற்று குன்று ஏறிய துண்டு, இன்று கியர் மாற்றிக்கொண்டு, நடுவில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, கன்னடத்துக் குலுக்கலோடு வந்து சேர்ந்தது. ரத்னம்மாவுடைய துண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பதி போய்விட்டு வந்திருந்தது. முடிவில் ஒரு கோவிந்தா. என்னுடையதில் வார்த்தைகள் முளைத்திருந்தன. ஆமாம், நிலாவும் இருந்தது.

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“உன்னுது எங்கண்ணா?” என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“உங்க மூணு பேருதையும் காவல் காத்ததுல, என்னுது ஓடிப்போச்சு.”

டீச்சர் தயங்கித் தயங்கிக் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

“கொஞ்சம் இரும்மா” என்றார் அண்ணன். பொட்டியின் முன்னால் உட்கார்ந்தார். மஞ்சண்ணாவின் குலுக்கலைக் குலுக்கலோடே வாசித்தார். கோவிந்தாவைக் கோவிந்தாவோடே. என் நிலாவைக்கூட விடவில்லை. நாலாவது துண்டு வர வேண்டிய இடம் வந்தது. அவர் தலை மெல்லச் சாய்ந்தது. நிறுத்தப் போகிறார் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி, கண்ணை மூடி, “ம்ம்ம்ம்” என்று முனகினார். ரத்னம்மா சேர்ந்துகொண்டார். மஞ்சண்ணா சேர்ந்துகொண்டார். கயிற்றைப் பிடித்தபடியே டீச்சரும் முனகினாள். பள்ளத்தில் நாலு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்ட வண்டி போல, மெட்டு மறுபடி முதல் வரிக்கு ஏறி ஓடியது.

முடிந்ததும் அண்ணன் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். எனக்கு அந்தக் குரங்கு ஞாபகம் வந்தது.

“அப்ப பொட்டி கெடைக்காதுங்களா?” என்றாள் டீச்சர்.

“பொட்டி தனியா வராதும்மா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என்னையும் சேத்து ஏத்திக்கினு போ.”

பிறகு கை சட்டைப் பைக்குள் போனது. வந்தது மஞ்சள் சீட்டு. பொட்டியின் காலில் கட்டினார்.

“ஏண்ணா, இன்னைக்குக்கூடப் பச்சை இல்லையா?”

“பச்ச போட்டா லாரி ஏறிப் போயிடும் கவிஞரே. மஞ்ச போட்டாதான் திரும்பி நம்ம மேசைக்கே வரும்.”

போன வருஷம் அவரை வடக்கே வேறொரு ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். நான் ஊரில் இல்லாத நாளில் பொட்டியோடு கிளம்பிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது என் கதவுத் தாழ்ப்பாளில் ஒரு சீட்டு தொங்கியது. மஞ்சள். காரணம் எழுதும் இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை.

அதை நான் அவிழ்க்கவில்லை. எழுத்து வராத நாட்களில் அது காற்றில் ஆடித் தாழ்ப்பாளைத் தட்டும். தட்டுவது சீட்டு என்று தெரிந்தேதான் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.