பின்னணிப் படத்தின் உண்மை நகல்

பிறப்புச் சான்றிதழ் இனிமேல் இணையத்தில் மட்டுமே வழங்கப்படும் என்று துனிஸ் நகரத்துப் பதிவு அலுவலகம் ஒன்று அறிவித்தது. பக்கத்தின் பின்னணியில் அலுவலகத்தின் புதுக் கட்டடம் திரை நிறைய விரியும். அதை முழுதாகக் காணாத குடிமகனுக்குப் படிவம் காட்டப்படாது என்பது இயக்குநர் முன்ஜியின் ஆணை.

பக்கத்தைக் கட்டிய ரஊஃபுக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. அடுத்த மாதம் கல்யாணம். அதைப் பதிவு செய்ய அவனுக்கே அந்தச் சான்றிதழ் வேண்டும்.

"முன்ஜி ஐயா, பின்னணிப் படம் வந்து சேர்ந்தா பிரௌசர் நமக்குச் சொல்லாது. சாதாரணப் படம்னா சொல்லும். அதனால அதே படத்தை மறைவா, சாதாரணப் படமா இன்னொரு தடவை வரவழைப்போம். அது வந்துட்டா இதுவும் வந்தாச்சு. ரெண்டு வரி வேலை."

இயக்குநர், அந்த ஊர் ஆண்களின் வழக்கப்படி காதில் செருகியிருந்த மல்லிகைச் செண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப அது நகலா?"

"ஆமா."

"மூலமும் நகலும் ஒண்ணுதான்னு யார் கையெழுத்துப் போட்டது?"

"ஒரே படம்தானே!"

"எல்லா நகலும் அப்படித்தான் சொல்லும் தம்பி. நகராட்சியில முத்திரை வாங்கிட்டு வா."

நியாயம்தானே! முத்திரை விழாத நகலை அந்த ஊரில் பெற்ற தாயே நம்பமாட்டாள். ரஊஃப் படத்தைத் தாளில் அச்சடித்து, மூன்று நாள் காலையில் வரிசையில் நின்று நீல முத்திரை வாங்கினான். முத்திரை தெளிவாகத் தெரியவேண்டும் என்று அந்தத் தாளை மிக உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். அந்த ஸ்கேன்தான் மறைவுப் படமாகப் பக்கத்தில் ஏறியது. யார் கண்ணிலும் படாத அந்தப் படத்தில் முத்திரை பளிச்சென்று இருந்தது. கோப்பின் கனம் மட்டும் மூலத்தைப்போல நாற்பது மடங்கு.

கட்டடம் சட்டென்று வந்து நிற்கும். படிவமோ நகல் வந்து சேரும்வரை தலைகாட்டாது. சனங்கள் கட்டடத்தைப் பார்த்துக் கண் பூத்து, மூடிவிட்டுப் போனார்கள். புகார் ஒன்றுகூட வரவில்லை, புகார்ப் படிவமும் அதே பக்கத்தில்தான் இருந்தது. இயக்குநருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், காலையில் திறந்த பக்கம் மாலையில் மனம் இரங்கியது. சான்றிதழைக் கண்டதும் ரஊஃபுக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிக்கொள்ளப்போகும் ஸிஹெம் இயக்குநரைத் திட்டித் தீர்த்தாள்.

"படம் காட்டுற பைத்தியம்! சரி, அதை விடு. நம்ம கல்யாண அழைப்புப் பக்கத்துல நாம ரெண்டு பேரும் நிக்கிற படம் பின்னால வரணும். அது முழுசா வந்தப்புறம்தான் மண்டபம், நேரம் எல்லாம் தெரியணும்."

"எதுக்கு?"

"இல்லாட்டி யாரு படத்தைப் பாப்பாங்க? அப்புறம் அந்த மறைவுப் படத்துக்கு முத்திரை வாங்கிடு. எங்கப்பா கேப்பாரு."

மறுநாள் காலை நகராட்சியில் ரஊஃபுக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம்.

"மறைவா வர்றதுதானே?" என்று கேட்டபடி கடைசி ஆள் நகர்ந்து இடம் கொடுத்தார்.