நாற்காலிக்குச் சர்க்கரை நூற்றைந்து

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் நானூறு பேர், கையில் கைபேசியோடு அலை ஐயாவுக்காகத் தவம் கிடந்தார்கள். ஐயா லேசுப்பட்டவரா? அண்டவெளியிலிருந்து அலையை இழுத்து ரப்பர் வளையத்துக்குள் ஊதிவிடுவார். வளையத்தை மாட்டினால் கைபேசியில் சர்க்கரை அளவு வரும்; நாளுக்கு நாள் குறையும். ஒரே ஒரு பத்தியம்: மாத்திரை கூடாது. மாத்திரை பட்டால் அலை கோபித்துக்கொள்ளுமாம். அலைக்கு அவ்வளவு ரோஷம்!

தையல்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை என்றாலே அவருக்கு ஆகாது. பாதி நாள் மறந்துபோவார். மீதி நாள் மறந்துவிட்டதாகச் சொல்வார். வளையம் வந்ததும் அந்தப் பொய்யும் மிச்சம். ஐந்து வாரமாக ஒரு மாத்திரைகூட இல்லை.

நாக்கு வறண்டது. கண் மங்கியது. போன வாரம் ஒரு சட்டைக்குப் பையை முதுகில் வைத்துத் தைத்துவிட்டார். "அலை உள்ள வேலை செய்யுது" என்று ஐயா சொல்லியிருந்ததால், பயத்தை மென்று விழுங்கிக்கொண்டார்.

அவர் மனைவி வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவள். ஐயா மேடையேறி ஊதத் தொடங்கியதும், கணவன் கையிலிருந்து வளையத்தைக் கழற்றினாள். நேரே மேடைக்குப் போய், ஐயாவின் நாற்காலிக் கையில் மாட்டினாள். கைபேசியைப் பார்த்து ஒலிபெருக்கியில் படித்தாள்.

"ஐயா, உங்க நாற்காலிக்குச் சர்க்கரை நூத்தியஞ்சு. மன அமைதியும் நல்லா இருக்காம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது உன் வீட்டுக்காரரோட அலைம்மா. வளையத்துல தங்கியிருக்கு."

"அப்படியா? முந்தாநாள் நூத்திப் பதினொண்ணு, நேத்து நூத்தியெட்டு, இன்னிக்கு நூத்தியஞ்சு. தினம் மூணு மூணா குறையுது. இன்னும் முப்பத்தஞ்சு நாள்ல பூஜ்யம். அப்ப ஆளே இருக்க மாட்டாரு. ஆனா கைபேசியில 'மிக நன்று'ன்னு வரும்!"

கீழே இறங்கி, பையிலிருந்து விரலில் குத்திப் பார்க்கும் கருவியை எடுத்தாள்.

"வேணாம்டி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

சொட்டு ரத்தம். தையல்காரர் கருவியைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். மனைவியிடமே நீட்டினார். "எழுத்து தெரியலடி. நீயே படி."

"முந்நூத்தி எம்பத்தாறு."

ஆளாளுக்குத் தங்கள் வளையத்தைக் கழற்றினார்கள். பிறகு தூணுக்கும், தண்ணீர்க் குடத்துக்கும், கதவின் கைப்பிடிக்கும் வளையம் ஏறியது. எல்லாவற்றுக்கும் ஆரோக்கியம் அமோகம். "நம்பிக்கை இல்லாத இடத்துல அலை நிக்காது" என்று ஐயா பின்வாசலுக்கு நழுவினார். அங்கே ஐம்பது பேர் நின்றார்கள். அலை நிற்கவில்லை, ஐயா நிற்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து திரும்பிய தையல்காரரிடம் இப்போது ஒரு மாத்திரைப் பெட்டி இருக்கிறது. வேளை வந்தால் கூவும். திறக்காவிட்டால் மனைவியின் கைபேசிக்குக் கோள்சொல்லும்.

அன்று மண்டபத்துக்கு வந்திருந்த இஸ்திரிக்காரர், தையல்காரர் வீட்டில் பெட்டியைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாமா அக்கா?"

"கண்ணைத் தொறந்துக்கிட்டு நம்புங்க. மூடியைத் தொறந்தா இதுக்குத் தெரியும், முழுங்கினது தெரியாது. டாக்டர் சொல்ற நாள்ல ரத்தம் கொடுத்து சர்க்கரை பாருங்க. சோதிச்சா நல்ல மருந்து கோவிச்சுக்காது. கோவிச்சுக்கிட்டா, அது மருந்தே இல்ல!"