கொத்தனாருக்குப் பெண்பால்

மனிதகுலம் சுவர் கட்டத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த வேலையின் சொற்களுக்கெல்லாம் இறுதித் தீர்ப்பு வழங்கப்பட்டது போன ஆடி மாதம், பெருங்களத்தூரில், நான்காவது மாடி எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்ககத்தின் தகரக் கொட்டகையில்தான்.

தீர்ப்பு வழங்கியவர் யக்ஞநாராயணன். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். முப்பது வருடம் கட்டட வரைபடங்களுக்கு நடுவே குடியிருந்து ஓய்வுபெற்றவர். கட்டுமான நிறுவனம் அவரைக் 'கலைச்சொல் ஆலோசகர்' ஆக்கியதற்கு வலுவான காரணம் உண்டு. என்ஜினியர் ஒரு பெயர் சொல்ல, மேஸ்திரி வேறு பெயர் சொல்ல, ஜல்லி வரவேண்டிய நாளில் எம்-சாண்ட் வந்து இறங்கியிருந்தது. யக்ஞநாராயணன் இருநூற்றுப் பன்னிரண்டு சொற்களைத் தொகுத்துச் 'சொல்லேடு' அச்சிட்டார். தொழிலாளர்களுக்கு ஏழு நாள் வகுப்பும் எடுத்தார்.

"ரசமட்டம் என்பது யாது?"

வகுப்பு அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஜோதிலட்சுமி என்ற சித்தாள் பதில் சொன்னார். "கல்லு படுக்கைல மட்டமா கீதான்னு பாக்கறது சார். செவுரு நட்டுக்க நிக்குதான்னு பாக்க தூக்குக்குண்டு."

"செங்கல் அடுக்கும்போது கவனிக்க வேண்டியது?"

"கீழ் வரி ஜாயின்ட்டு மேலயே மேல் வரி ஜாயின்ட்டு வரக்கூடாது சார். வந்தா செவுரு பொளந்துக்கும்."

யக்ஞநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தேர்விலும் ஜோதிலட்சுமிக்கு ஐம்பதுக்கு ஐம்பது. அந்த மாடிக்கு இருந்த ஒரே கொத்தனாரான முனிரத்தினத்துக்குப் பதினொன்று.

"கரெக்ட்டுதான் சார்," என்றார் முனிரத்தினம், முழங்காலைத் தடவியபடி. "கீழ மூணு மாடியும் கல்லு வச்சது இந்தப் பொண்ணுதான். பேரை மட்டும் நான் வச்சிகினு கீறேன்."

சான்றிதழில்தான் சிக்கல் வந்தது. 'பதவி' என்ற இடத்தை நிரப்ப யக்ஞநாராயணன் சொல்லேட்டைப் புரட்டினார். 'கொத்தனார்: கல் வைத்துச் சுவர் எழுப்பும் ஆண். சித்தாள்: அவருக்குக் கலவை எடுத்துக் கொடுக்கும் பெண்.' எழுதியவர் அவரேதான். சுவர் எழுப்பும் பெண் என்று ஒரு பிறவிக்கு அதில் இடமே இல்லை.

மேலாளர் ஷ்யாம்சுந்தர் தலைமையில் அவசரக் கூட்டம் கூடியது. 'கொத்தனாரி' யார் நாக்கிலும் ஏறவில்லை. 'கொத்தி' என்றால் கோழி நினைவு வந்தது. 'கொத்தனாரம்மா' என்றால் முனிரத்தினத்தின் மனைவி சண்டைக்கு வருவார்.

"டாக்டரு பொம்பளையா இருந்தா வேற பேரா சார்?" என்று வாசலில் நின்ற ஜோதிலட்சுமி கேட்டார்.

அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. ஏறியது இதுதான்: 'தகுந்த சொல் கிடைக்கும்வரை அன்னார் சித்தாளாகவே சுவர் கட்டி வரலாம்.'

மறுநாள் ஜோதிலட்சுமி கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கலவைச் சட்டியைத் தூக்கினார். "சித்தாளுக்கு செவுரு கட்ற வேலை இல்ல சார். உங்க புக்குலயே போட்டுக்கீது."

முனிரத்தினத்தின் முழங்கால் சாரம் ஏற மறுத்தது. மூன்று நாள் நான்காவது மாடி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நான்காம் நாள் ஷ்யாம்சுந்தரே இறங்கி வந்தார்.

"வெறும் ஒரு வார்த்தைக்கு இவ்ளோ இஷ்யூ பண்ணலாமா ஜோதி?"

"வெறும் வார்த்தைதானே சார். குட்த்துடுங்க."

பக்கத்தில் நின்ற யக்ஞநாராயணனுக்கு எங்கோ சுருக்கென்றது. பேனாவை எடுத்தார், சொல்லேட்டில் 'ஆண்' என்பதை 'ஆள்' என்று திருத்தினார். ஓரெழுத்துத் திருத்தம். அதற்கு அவருக்கு முப்பது வருட அனுபவம் தேவைப்பட்டது.

ஜோதிலட்சுமியின் புது அடையாள அட்டையில் 'கொத்தனார்' என்று அச்சாகி வந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சாரம் ஏறினார். மாலைக்குள் ஒரு சுவர் இடுப்பளவு வந்துவிட்டது.

நிறுவனம் இத்துடன் விட்டுவிடுமா? ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி பெரிய பேனர் கட்டியது: 'எங்கள் ஏழு நாள் பயிற்சியில் உருவான முதல் பெண் கொத்தனார்!' அதன் கீழே யக்ஞநாராயணன் புதுக் கரண்டி ஒன்றை வழங்க, ஜோதிலட்சுமி பெற்றுக்கொள்ளும் காட்சியைப் படம்பிடிக்க ஏற்பாடு.

"கரண்டியை லைஃப்லயே ஃபர்ஸ்ட் டைம் பாக்கற மாதிரி ஒரு லுக் குடுங்க," என்றார் ஷ்யாம்சுந்தர்.

ஜோதிலட்சுமி பேனரை ஓர் எழுத்து விடாமல் முழுசாகப் படித்தார். பிறகு கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். யக்ஞநாராயணன் நீட்டிய கரண்டி அந்தரத்திலேயே நின்றது.

"அப்போ இதுக்கு முன்னாடி நான் கட்ன மூணு மாடியை இன்னா சார் பண்ணப் போறீங்க? இட்ச்சிட்டு, யாராவது கொத்தனாரை வுட்டுக் கட்டுவீங்களா?"