எட்டு வினாடி ஒளிர்ந்த கஞ்சி

கைஃபெங் நகரில் வாழும் மதிப்பிற்குரிய என் அக்காவுக்கு, ஜெங்ஜோவிலிருந்து தம்பி கெங் ஷோசாங் கைகூப்பி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கு எல்லோரும் சௌக்கியம். யாருடைய வாயும் இப்போது ஒளிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை யாராவது உனக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருப்பார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன். என் மகள் ருயிலான் மூன்று வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் கரியைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கி மாரடிக்கிறாள் அல்லவா? விளக்கை அணைத்த பிறகும் அந்தத் துகள் தானாக ஒளிர வேண்டும். எலிக்கு ஊசி வழியாக ஏற்றி, வெளிச்சம் காட்டி அணைத்தால், சதையெல்லாம் இருண்டு, துகள் ஒட்டிய கட்டி மட்டும் பளிச்சென்று தெரியுமாம். ஆனால் அந்தச் சனியன் தண்ணீர் பட்டதும் அணைந்துவிடுகிறது. உடம்பு முழுக்கத் தண்ணீர்தானே! மாதக் கடைசிக்குள் தண்ணீரில் ஒளிராவிட்டால் பட்டம் கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பத்து நாளாகிறது.

இந்த லட்சணத்தில்தான், நீ பார்த்த வரன் துவான் யீபெங்கும் அவன் அம்மாவும் மதியம் வந்தார்கள். கஞ்சிக்கு மாட்டுக் கொழுப்பில் மாவை வறுத்துக்கொண்டிருக்கிறேன், அப்போது போனில் கூப்பிட்டது யார்? நீ! எதிர்வீட்டு மருமகள் துணி உலர்த்தும் கதையை ஆரம்பித்தாய். "சரிக்கா, சரிக்கா" என்கிறேன், நீ விட்டால்தானே? மாவு கருகிவிட்டது. கருகல் வாடை போக வினிகரும் சோடா உப்பும் போட்டேன், மாவு போதாததால் தேயிலை டப்பாவிலிருந்து இன்னும் இரண்டு கரண்டி மாவு அள்ளிச் சேர்த்தேன், வெந்நீர் ஊற்றிக் கிண்டிப் பரிமாறிவிட்டேன்.

நம் சாப்பாட்டு அறைக்குத்தான் ஜன்னலே கிடையாதே. ஏசி, மின்கெண்டி, மின்னடுப்பு மூன்றும் சேர்ந்து ஃப்யூஸைப் போக்கின. கும்மிருட்டு. அக்கா, நாலு கிண்ணமும் பச்சையாக ஒளிர்ந்தன! நாற்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் போட்டவன் நான், அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. துவான் அம்மாளின் உதடும் பச்சை, பல்லும் பச்சை.

"ஐயையோ, விஷம் வச்சுட்டாங்கடா!" என்று அந்த அம்மாள் அலற, என் மகளோ, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணுகிறாள்! "ஆன்ட்டி, துப்பாதீங்க! வாயை அப்படியே திறந்து வைங்க, படம் எடுக்கணும்!"

எட்டில் அணைந்தது. ஃப்யூஸைப் போட்டதும் அலமாரியைப் பார்க்கிறேன்: ஒரே மாதிரி இரண்டு தேயிலை டப்பா. ஒன்றில் என் மாவு, இன்னொன்று அன்று காலை அவள் கொண்டுவந்து வைத்த பொடி. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவளோ, "அப்பா, என் பொடி தண்ணியில எரியுதுப்பா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாள் விளக்குமாற்றை எடுக்காத குறைதான். பையன் மட்டும் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "நானும் எண்ணினேன், எட்டுதான்" என்றான். மிச்சக் கஞ்சியைச் சுமந்துகொண்டு அவனும் ருயிலானும் ஆய்வகத்துக்கு ஓடினார்கள்.

ஆகவே உன்னிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, துவான் அம்மாளைப் பார்த்து, தவறு டப்பாவுடையது என்று சமாதானம் சொல். இரண்டு, நான் அடுப்படியில் நிற்கும்போது தயவுசெய்து போன் செய்யாதே. உனக்கு நூறு வயதும் நோகாத முழங்காலும் வாய்க்கட்டும்.

உன் தம்பி,
ஷோசாங்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் ருயிலான் வந்து தன் டப்பாவை எடுத்தாள். சுற்றி ஒட்டிய டேப் பிரிக்கவே படவில்லை! "அப்ப நீங்க என்னத்தப் போட்டீங்கப்பா?" என்றாள். "கருகின மாவும்மா" என்றேன். "கருகினதுன்னா கரிதானேப்பா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது பேராசிரியரே என் அடுப்படியில் நோட்டோடு நிற்கிறார். எத்தனை நிமிடம் கருகியது என்று கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? மாதக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. அக்கா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இந்தக் கடிதம் கூரியரில் இன்றே உன் கைக்கு வந்துவிடும்; நாளைக் காலை பத்து மணிக்கு மாவை அடுப்பில் ஏற்றுகிறேன். உடனே போன் செய்து, எதிர்வீட்டு மருமகள் கதையை ஆரம்பத்திலிருந்து சொல். ஒரு வார்த்தையும் விடாதே.